ஸ்கீயிங்கா, வேக்போர்டா, வேக்சர்ஃபா? குடும்பப் படகு வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரான்ஸில் வளர்ந்த அக்கா பிள்ளைகள் லீவுக்குப் புதுச்சேரி வந்து சுண்ணாம்பாற்றைப் பார்த்தால் கேட்பது, "மாமா, இங்க வாட்டர் ஸ்கீயிங் பண்ணலாமா?" என்றுதான். மாமாவும் சும்மா இருக்க மாட்டார். ராத்திரி போனில் தேடுவார். ஸ்கீயிங், வேக்போர்டிங், வேக்சர்ஃபிங் மூன்றுக்கும் ஒரே குடும்பப் படகு என்று வரிசையாக விளம்பரம் வரும். விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். இந்தக் கட்டுரை அந்த மாமாவுக்காக.

மூன்றுமே படகில் கயிறு கட்டி ஆளை இழுக்கும் விளையாட்டுகள். அதனால் ஒரு படகு மூன்றுக்கும் போதும் என்று தோன்றும். ஆனால் மூன்றும் கேட்கிற அலை வேறு வேறு. ஒன்றுக்குப் பொருத்தமான படகு அடுத்ததற்குத் தொந்தரவு. மூன்றையும் செய்யும் என்று விற்கப்படும் படகு எதையோ விட்டுக்கொடுத்துத்தான் அதைச் செய்கிறது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வீட்டில் முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அலையைப் பாருங்கள்

ஓடும் படகின் பின்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைக் கவனியுங்கள். புரொப்பல்லர் கலக்கிய இடம் வெள்ளை நுரையாக நடுவில் நீண்டு போகும். அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் மேடாக எழுந்து, விலகி விலகிப் பின்னால் விரியும். இந்த மேட்டுக்குத்தான் வேக் என்று பெயர். படகு மெதுவாகப் போகும்போது வயிறு தண்ணீருக்குள் அமுங்கியிருக்கும், நிறையத் தண்ணீரைத் தள்ளும், வேக் பெரிதாக இருக்கும். வேகம் கூடக் கூடப் படகு மேலெழுந்து தண்ணீரின் மேல் வழுக்க ஆரம்பிக்கும், வேக் தட்டையாகிவிடும். எடை கூடினால் வேக் வளரும், குறைந்தால் சுருங்கும்.

மூன்றில் மூத்தது ஸ்கீயிங். 1922-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் எட்டடிப் பலகைகள் இரண்டின் நுனியைச் சுடுநீரில் பதப்படுத்தி வளைத்து, காலில் மாட்டிக்கொண்டு படகின் பின்னால் போனதுதான் ஆரம்பம். ஸ்கீயருக்கு வேக் ஒரு இடைஞ்சல். இரண்டு ஸ்கீயில் கற்றுக்கொள்ளும் பெரியவருக்கு மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகம் போதும், சின்னப் பிள்ளைகளுக்கு 20 முதல் 25. ஒற்றை ஸ்கீயில் மிதவைகளைச் சுற்றி வளைந்து போகும் ஸ்லாலம் போட்டியில் ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 55 கி.மீ. வரை போகும். அந்த வேகத்தில் குறுக்கே ஒரு தண்ணீர் மேடு வந்தால் முழங்காலுக்குத்தான் அடி. ஆகவே ஸ்கீ படகு எடை குறைந்ததாக, தட்டையான வேக் விடுவதாக இருக்க வேண்டும்.

வேக்போர்டிங் 1980-களில் சர்ஃபிங்கையும் ஸ்கீயிங்கையும் கலந்து பிறந்தது. ஒரே பலகை, இரண்டு காலும் பக்கவாட்டில் கட்டப்பட்டிருக்கும். வேகம் 30 முதல் 37 கி.மீ. இங்கே வேக் வேண்டும். ஆடுபவர் அதில் ஏறித்தான் காற்றில் எழும்புவார். இரண்டு பக்கமும் ஒரே அளவில், உச்சி கரையாமல் கெட்டியாக நிற்கிற வேக்தான் நல்ல வேக்.

வேக்சர்ஃபிங் கதை தனி. கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றதும் கயிற்றைப் படகுக்குள் வீசிவிடலாம். படகுக்குச் சில மீட்டர் பின்னால், அது எழுப்பும் அலையின் சரிவிலேயே பலகை ஓடிக்கொண்டிருக்கும். வேகம் 16 முதல் 19 கி.மீ. மட்டுமே, சைக்கிளில் துரத்தலாம். ஆனால் அலை இடுப்பளவு வேண்டும், ஒரு பக்கம் மட்டும் சுத்தமாக வேண்டும். முன்பெல்லாம் ஆட்களையும் தண்ணீர்ப் பைகளையும் ஒரே பக்கம் ஏற்றிப் படகைச் சாய்த்து அலை எடுத்தார்கள். 2012 வாக்கில் மாலிபு போன்ற நிறுவனங்கள் படகின் பின்பக்க மூலைகளில் அசையும் தகடுகளைப் பொருத்தி, ஒரு பொத்தானில் அலையை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றும் வசதியைக் கொண்டுவந்தன. இந்த விளையாட்டு வேகமாகப் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். மெதுவான வேகம், விழுந்தாலும் பெரிதாக அடிபடாது என்பதால் ஐம்பது வயதுக்காரரும் தைரியமாக இறங்கலாம்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இது எதையும் கேட்க மாட்டார்கள். ரப்பர் ட்யூபில் உட்காரத்தான் சண்டை போடுவார்கள். அதற்கு எந்தப் படகும் போதும்.

புரொப்பல்லர் எங்கே இருக்கிறது?

கடைக்காரர் முதலில் காட்டுவது சீட்டின் தையலும் ஸ்பீக்கரும். நீங்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது புரொப்பல்லரை. படகின் வகை, விலை, ஆபத்து எல்லாமே அது எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

டைரக்ட் டிரைவ் என்ற வகையில் இன்ஜின் படகின் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். தண்டு நேராகப் பின்னோக்கிச் சரிந்து, படகின் அடியில் புரொப்பல்லரைச் சுழற்றும். எடை நடுவில் இருப்பதால் படகு மட்டமாக ஓடும், வேக் சின்னதாக இருக்கும். சுத்தமான ஸ்கீ படகு இதுதான். ஆனால் இன்ஜின் பெட்டி நடுவீட்டில் உட்கார்ந்துகொள்வதால் குடும்பம் உட்கார இடம் குறைவு.

வி-டிரைவில் இன்ஜின் பின்பக்கம் போய்விடும். தண்டு முதலில் முன்னோக்கி வந்து, கியர்பெட்டியில் திரும்பி, மறுபடி பின்னால் போகும். புரொப்பல்லர் அப்போதும் படகுக்கு அடியில்தான், பின்விளிம்புக்கு உள்ளே தள்ளி இருக்கும். பின்பாரம் கூடுவதால் பெரிய வேக். நடுவில் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். இன்று வேக்போர்டுக்கும் வேக்சர்ஃபுக்கும் என்று விற்கும் பெரிய படகுகள் பெரும்பாலும் இந்த வகை.

ஸ்டெர்ன்டிரைவில் இன்ஜின் படகின் பின்பக்கம் உள்ளே இருக்கும், அவுட்போர்டில் இன்ஜினே வெளியே இருக்கும். இரண்டிலும் புரொப்பல்லர் படகின் பின்சுவரைத் தாண்டி வெளியே தொங்கும். நம் ஃபைபர் படகுகளில் பார்க்கிற அவுட்போர்டுதான், எச்.பி. மட்டும் கூட. இவற்றில் ஸ்கீயிங்கும் வேக்போர்டிங்கும் நன்றாகவே செய்யலாம். ஆள் கயிற்றின் நீளத்துக்கு, ஏறக்குறைய இருபது மீட்டர் பின்னால் இருக்கிறார். ஆனால் இவற்றின் பின்னால் வேக்சர்ஃபிங் கூடவே கூடாது. சர்ஃப் செய்கிறவர் சில மீட்டர் தூரத்தில், படகை நோக்கிச் சரியும் அலையில் நிற்கிறார். விழுந்தால் பலகையும் ஆளும் போகிற திசையில் சுழலும் புரொப்பல்லர் இருக்கும். 'ஜாக்கிரதையா இருந்துக்கலாம்' என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2015-இல் வோல்வோ பென்டா நிறுவனம் புரொப்பல்லர்களை முன்னோக்கித் திருப்பி, படகின் அடிக்குள் தள்ளிவைத்த ஸ்டெர்ன்டிரைவைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் சர்ஃப் செய்யலாம். ஜெட் படகில் வெளியே புரொப்பல்லரே இல்லை. தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். ஆனால் மழைக்குப் பிறகு நம் ஆறுகளில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் எவ்வளவு மிதந்து வருகிறது என்று பார்த்தவர்கள் ஜெட் வாங்கும் முன் யோசிப்பார்கள். உறிஞ்சுகிற வாயில் அதெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

புரொப்பல்லரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது புகை. பெட்ரோல் இன்ஜின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. படகு மெதுவாகப் போகும்போது அது பின்மேடையை, அதாவது தண்ணீரில் இறங்கி ஏறப் பின்னால் வைத்திருக்கும் தட்டைச் சுற்றியே தேங்கும், காற்று பின்னாலிருந்து அடித்தால் உள்ளேயும் வரும். இன்ஜின் ஓடும்போது பின்மேடையில் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கவும் விடாதீர்கள். அமெரிக்காவில் இப்படியே உயிர்கள் போயிருக்கின்றன.

எடை ஏற்றும் வித்தை

பெரிய வேக் வேண்டுமென்றால் எடை வேண்டும். அதற்காக வி-டிரைவ் படகுகளுக்குள் பேலஸ்ட் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். பம்பைப் போட்டால் ஏரித் தண்ணீர் உள்ளே ஏறும், வேலை முடிந்ததும் வெளியே தள்ளிவிடலாம். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. பெரிய சர்ஃப் படகுகள் ஒரு டன்னுக்கும் மேலே ஏற்றிக்கொள்ளும். பின்தொட்டி நிறைந்ததும், மாட்டு வண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி தூக்குவதைப் போல, படகின் மூக்கு மேலே போய்விடும். ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது மறையும். அதனால் முன்னாலும் கொஞ்சம் ஏற்றிச் சமன் செய்வார்கள்.

ஒரே படகில் மூன்றும் என்பதன் ரகசியம் இவ்வளவுதான். தொட்டி காலி என்றால் ஓரளவு ஸ்கீ, பாதி நிறைத்தால் வேக்போர்டு, முழுக்க நிறைத்தால் சர்ஃப். 'ஓரளவு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏழு மீட்டர் நீளமும் இரண்டரை டன் எடையும் உள்ள படகு காலியாக ஓடினாலும் ஸ்கீ படகு விடுகிற தட்டையான வேக்கை விடாது. வீட்டில் தீவிரமான ஸ்கீயர் யாரும் இல்லையென்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தொட்டியை நிறைத்துச் சர்ஃப் வேகத்தில் உழும்போது பெட்ரோல் குடிப்பது மட்டும் உறுத்தும். மணிக்கு இருபது லிட்டருக்கும் மேலே சாதாரணமாகப் போகும்.

தொட்டி இல்லாத படகில் தண்ணீர்ப் பைகளை வைத்து எடை ஏற்றுகிறவர்களும் உண்டு. ஓட்டுமிடத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று ஒரு தகடு அடித்திருப்பார்கள். பையில் உள்ள தண்ணீரும் அந்தக் கிலோக் கணக்கில் சேரும். பிரியாணி டப்பாவோடு எட்டுப் பேர் ஏறினாலே அரை டன்னைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பை எதற்கு?

நம் தண்ணீருக்கு எது ஒத்துவரும்?

விளம்பரப் படகுகள் எல்லாம் அமெரிக்க நன்னீர் ஏரிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆழமான, காற்றில்லாத, அகலமான நன்னீர். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை அப்படி ஒரு நீர்நிலை நமக்கு எங்கே இருக்கிறது?

ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம், அதை மறந்துவிடுங்கள். பாகூர் ஏரி பாசனத்துக்கு. வீராணம் நீளமாக, ஆசை காட்டுகிற மாதிரி கிடக்கிறது, ஆனால் சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரி. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் இருப்பது குறுகிய வாய்க்கால்கள். அங்கே சர்ஃப் அலையை எழுப்பினால் வேர்களும் கரையும்தான் அடிவாங்கும், துடுப்புப் படகில் வருகிறவர்களும் கவிழ்வார்கள். சர்ஃப் அலை கரையிலிருந்து குறைந்தது அறுபது எழுபது மீட்டர் தள்ளியாவது எழ வேண்டும், நூற்றைம்பது என்றால் இன்னும் நல்லது. இப்படி இரண்டு பக்கமும் இடம் விட்டால் ஆற்றில் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள்.

சுண்ணாம்பாற்றில் நோணாங்குப்பம் படகுக் குழாமிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குச் சுற்றுலாப் படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும். முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் மீன்பிடிப் படகுகளின் போக்குவரத்து. வி-டிரைவ் படகின் புரொப்பல்லரும் தண்டும் சுக்கானும் தண்ணீருக்குள் முக்கால் மீட்டர்போல நிற்கும், மேலே தூக்க முடியாது. ஒருமுறை மணலில் உரசினால் தண்டு வளையும், படகையே தூக்கித்தான் சரிசெய்ய வேண்டும். அவுட்போர்டை ஒரு பொத்தானில் தூக்கிவிடலாம். மிதவை வலை சுற்றிக்கொண்டாலும் இன்ஜினை நிறுத்தி, தூக்கி, கையால் அறுத்தெடுக்கலாம். அறுத்த வலைக்குக் காசும் கொடுக்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

மிச்சம் இருப்பது கடல். அலை உடைகிற இடத்தைத் தாண்டி வெளியே போனால் ஆழமும் அகலமும் கிடைக்கும். கடற்காற்று எழும்புவது பெரும்பாலும் முற்பகலுக்குப் பிறகுதான் என்பதால் விடியற்காலை இரண்டு மூன்று மணி நேரம் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் படகைக் கொட்டகையில் ஏற்றிவிட வேண்டியதுதான். கண்ணாடி மாதிரித் தண்ணீர் கேட்கும் ஸ்லாலத்துக்கு இந்தக் கடல் ஆகாது. ட்யூபுக்கும், கற்றுக்கொள்கிற ஸ்கீயருக்கும், வேக்போர்டுக்கும் ஆகும்.

ஆகவே இங்கேயே வைத்து ஓட்டுவதற்கு என் யோசனை: ஐந்தரை முதல் ஆறு மீட்டர் நீளம், முன்பக்கமும் உட்கார இடமுள்ள ஃபைபர் படகு, 115 முதல் 150 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, கயிற்றை உயரத்தில் கட்டி இழுப்பதற்குப் படகின் மேல் நிற்கும் ஒரு டவர். வேக்சர்ஃபிங்கை விட்டுவிடுங்கள். அலைமேல் நிற்கிற ஆசை உள்ளவர்களுக்குச் செரினிட்டி பீச்சில் கடலே இலவசமாக அலை தருகிறது. யமஹா, சுசுகி அவுட்போர்டுகளைப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக் மீனவக் குப்பங்களில் உண்டு. வி-டிரைவின் வி8 இன்ஜினுக்கு இங்கே யாரைத் தேடுவீர்கள்? மீனவர் ஃபைபர் படகில் உள்ள 10 எச்.பி. இன்ஜினே இழுக்காதா என்று சிலர் கேட்பார்கள். பெரியவரைத் தண்ணீரிலிருந்து எழுப்பி நிறுத்தும் தெம்பு அதற்குப் போதாது.

வெளிநாட்டில் ஏரிக்கரையில் வீடு வைத்திருக்கும் உறவினர் கேட்டால் என் பதில் வேறு. தயங்காமல் பழைய வி-டிரைவ் ஒன்றை வாங்கச் சொல்வேன். பிரான்ஸில் 6 எச்.பி.க்கு மேல் இன்ஜின் என்றால் படகு ஓட்டுநர் உரிமம் வேண்டும், அதையும் ஞாபகப்படுத்துவேன்.

இங்கே இறக்குமதி என்றால் சுங்க வரி தனி. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். உள்நாட்டு நீர்வழியில் ஓடும் இயந்திரப் படகுக்குப் பதிவு, சோதனைச் சான்று, காப்பீடு பற்றி 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொல்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே துறைமுகத் துறை அலுவலகத்தில் ஒரு நடை விசாரித்துவிடுங்கள். படகை எங்கே இறக்குவது, எங்கே கட்டுவது என்பது இன்னொன்று. குப்பத்துக் கரையில் இறக்குவதாக இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் பேசுங்கள். வலை போட்டிருக்கும் திசையையும் நேரத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கயிறு, ஓட்டுநர், உப்பு

கயிற்றைப் படகின் மூலையில் உள்ள கட்டுக்கொம்பில் கட்டக் கூடாது. ஒரு பக்கமாக இழுத்துப் படகையே திருப்பிவிடும். டவர் இருந்தால் கயிறு இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து வரும், அவுட்போர்டில் சிக்காது, எழும்புகிறவருக்கும் உதவியாக இருக்கும். ட்யூபை மட்டும் டவரில் கட்டாதீர்கள். அது தண்ணீருக்குள் முங்கினால் வரும் இழுப்பு டவரையே பெயர்க்கும். அதைக் கீழே உள்ள இழுவை வளையத்தில் கட்டுங்கள்.

புதியவர் எழுந்து நிற்பதும் நிற்காததும் பாதி ஓட்டுநர் கையில்தான். ஸ்கீயர் முழங்காலை நெஞ்சோடு ஒட்டி, ஸ்கீ நுனிகள் தண்ணீருக்கு மேலே தெரிய, கயிறு நடுவில் வர உட்கார்ந்த நிலையில் மிதப்பார். படகு மெல்ல நகர்ந்து கயிற்றின் தொய்வை எடுக்க வேண்டும். அவர் 'போலாம்' என்றதும் வேகத்தைத் தயங்காமல், அதே சமயம் வெடுக்கென்று இழுக்காமல் ஏற்ற வேண்டும். எழுந்ததும் உடனே குறைத்து நிலைநிறுத்த வேண்டும். ஓட்டுநர் முன்னால்தான் பார்ப்பார். பின்னால் பார்க்க இன்னொருவர் கட்டாயம். கட்டைவிரல் மேலே என்றால் வேகமாக, கீழே என்றால் மெதுவாக, கழுத்தை அறுப்பது போலக் காட்டினால் நிறுத்து. விழுந்தவர் தலைக்கு மேல் இரண்டு கையையும் கோத்துக் காட்டினால் நலம் என்று அர்த்தம். அவரை ஓட்டுநர் பக்கமாகவே வைத்து நெருங்கி, அவர் ஏணியைத் தொடுவதற்கு முன்பே இன்ஜினை அணைக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் விசைப்படகு ஓட்டும் பயிற்சி தருகிறார்கள். படகுக்குச் செலவழிப்பவர் அதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வந்த பிறகும் இன்ஜினின் அடிக்காலில் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மேல் இரண்டு ரப்பர் கிண்ணங்களை மாட்டி, வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். பக்கவாட்டில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வெளியே பாய வேண்டும். அந்தத் தாரை நூலாகச் சுருங்கினால் உள்ளே உப்போ மணலோ அடைக்கிறது, அல்லது தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்துவிட்டது. நன்னீர் ஏரிக்குச் செய்த பழைய வி-டிரைவ்களில் பல, வெளித் தண்ணீரையே நேராக இன்ஜினுக்குள் விட்டுக் குளிர்விப்பவை. அதைக் கடலில் ஓட்டினால் இன்ஜினை உள்ளிருந்தே உப்பு தின்னும். யாராவது மலிவாகத் தருகிறேன் என்று அப்படி ஒன்றைக் காட்டினால், மூடிய குளிர்விப்பு, அதாவது கடல்நீர் இன்ஜினுக்குள் போகாமல் தனிக் குளிர்நீரே உள்ளே சுற்றும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய அவுட்போர்டு படகு பார்க்கப் போகும்போது ஒரு நாணயமும் வெள்ளைத் துணியும் எடுத்துப் போங்கள். இன்ஜின் மாட்டியிருக்கும் பின்சுவரை நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். பல படகுகளில் ஃபைபருக்கு உள்ளே பிளைவுட் இருக்கும். 'டக் டக்' என்று கேட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் 'பொத்'தென்று மங்கினால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. பிறகு கியர்பெட்டியின் அடித் திருகை லேசாகத் தளர்த்தி, சொட்டும் ஆயிலைத் துணியில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் சரி. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கடைசியாக, வீட்டில் எத்தனை பேர் ஏறுவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் அந்தப் படகு வேண்டாம்.